காரைக் குறைச்சு சைக்கிள், பஸ்னு மாறின அனுபவம்: சில வருஷத்துக்கு அப்புறம்

சுற்றுச்சூழல் மேல அக்கறை இருந்தா போற வர்ற விதம் தானா மாறிடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பக்கத்து வேலைக்கு சைக்கிள், தூரத்துக்கு பஸ், ரயில்னு சில வருஷமா போயிட்டு இருக்கேன், அதை வெச்சு சொல்றேன், அக்கறை மட்டும் பத்தாது. அவசரத்துல கை எப்பவும் எடுக்குற சாவியத்தான் எடுக்கும்.

எனக்கு வழி திறந்தது வீடு மாறுனப்போ தான். பழைய ரூட்டு எதுவும் உதவாது, எல்லாத்தையும் புதுசா யோசிக்கணும், அப்பவே பஸ் எங்க நிக்கும், சைக்கிள்ல எந்தத் தெரு நல்லதுன்னு பாத்து வெச்சேன், அதுவே பழகிடுச்சு. 2008ல வெர்பிளாங்கன்ங்கிற உளவியல் ஆய்வாளரோட குழு பண்ண ஆய்வுலயும் இதான் வந்துச்சு, அக்கறை உள்ளவங்கள்ல சமீபத்துல வீடு மாறுனவங்க தான் வேலைக்குக் காரைக் கம்மியா எடுத்தாங்க, மாறாதவங்க அதே அக்கறையோட காரை ஓட்டிட்டு இருந்தாங்க.

முதல்ல சின்ன தூரத்துக்குக் கார் எடுக்குறதை விடுங்க. கார் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நல்லா சூடானா தான் வேலை செய்யும், 2 கிலோமீட்டர் போயிட்டு நிறுத்துனா அது சூடாகுறதுக்குள்ள பயணமே முடிஞ்சிடும், அதனால கிலோமீட்டருக்கு அதிக விஷம் கக்குறது இந்த குட்டிப் பயணம் தான். லிட்டர் பெட்ரோலுக்கு சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வேற.

கஷ்டம் இல்லாம இல்ல. கொட்டுற மழை, கை நிறைய சாமான், ராத்திரி கடைசி பஸ் போனதுக்கு அப்புறம், இதெல்லாம் இன்னும் சிரமம் தான், வயசானவங்களோட போறப்போ நான் டாக்ஸி தான் எடுக்குறேன், அதுல எனக்கு எந்த உறுத்தலும் இல்ல. பஸ்ஸே வராத இடத்துல இருக்குறவங்கள அக்கறை இல்லாதவங்கன்னு சொல்றது ரொம்ப தப்பு.

எனக்குப் பிடிச்ச விஷயம், மனசு மாறி பயணம் மாறுற மாதிரியே பயணம் மாறியும் மனசு மாறும். ஜப்பான்ல புஜி, கிதாமுரான்னு ரெண்டு ஆய்வாளர்கள் கார் ஓட்டிப் பழகுனவங்களுக்கு ஒரு மாசம் ஃப்ரீ பஸ் டிக்கெட் குடுத்துப் பாத்தாங்க (2003ல வெளியான ஆய்வு), டிக்கெட் முடிஞ்சும் அவங்க பஸ்ல போறது முன்னைவிட அதிகமா இருந்துச்சு, பஸ் மேல இருந்த எண்ணமும் நல்லதா மாறிடுச்சு. எனக்கும் அப்படித்தான், சைக்கிள்ல சிக்னல்ல நின்னு அந்தப் புகையை மூச்சுல இழுத்ததுக்கு அப்புறம் தான் இது எவ்ளோ பெரிய பிரச்சனைன்னு உறைச்சுது.

சைக்கிள் வாங்குறவங்க கேரியர், மட்கார்டு, முன்னாடி பின்னாடி லைட்டு மூணையும் வாங்குறப்பவே மாட்டிடுங்க, அது இல்லன்னா முதல் மழையிலயே சைக்கிள் மூலைக்குப் போயிடும்.