மாரிக்கால இரவுக்கு ஒரு பொதி ஒடியல் மா

கார்த்திகை தொடங்கி வடகீழ்ப் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருக்க, கந்தோர் முடிந்து நனைந்தபடி வீடு திரும்பும் எனக்கு, கிளிநொச்சியில் வாங்கிய அரைக் கிலோ ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கை அரைத்த மா) நான்கு இரவுகளுக்குக் கைகொடுத்தது. மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் நீரை வடித்தால்தான் கசப்பு நீங்கும் என்பதைப் பொதியில் எங்கும் அச்சிடாதது பெரிய குறை. முதல் நாள் கூழை நாய்கூட முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. மறுநாள் காலையிலேயே ஊறவிட்டேன். ஒரு பிடி அரிசியும் மரவள்ளியும் பயற்றங்காயும் நெத்தலிக் கருவாடும் வெந்ததும், அரைத்த செத்தல் மிளகாயையும் பழப்புளியையும் மாவோடு கரைத்து ஊற்றித் துழாவ, ஒரே சட்டியில் இரவுச் சாப்பாடு முடிந்தது. மா நைசாக அரைபட்டிருந்ததால் கட்டி தட்டவில்லை. ஆனால் ஓரிரு மணல் பல்லில் கடிபட்டது. அடுத்த பொதியும் வாங்குவேன், அரித்தெடுத்த பிறகே ஊறவிடுவேன்.