சிட்-அப்பும் பிளாங்க்கும்: முதுகெலும்புக்கு உதவுவது எது?

வயிற்றுத் தசைகளின் தலையாய வேலை உடலை மடக்குவது அன்று. நாம் சுமை தூக்கும்போதும் திரும்பும்போதும் முதுகெலும்பு நிலைகுலையாதபடி அதைச் சுற்றி இறுகிப் பிடிப்பதே ஆகும். அப்படிப் பார்த்தால், மல்லாந்து படுத்து உடலை மடக்கி எழுந்து உட்காரும் சிட்-அப்பும், குப்புறக் கவிழ்ந்து முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகைபோல் நேராக நிறுத்தும் பிளாங்க்கும் சமமானவை அல்ல.

சிட்-அப் செய்பவரை அருகிலிருந்து கவனித்தால், தோள்கள் தரையை விட்டு எழுந்தபின் மீதித் தூரத்தை இடுப்பை மடக்கும் தசைகளே இழுத்து முடிப்பது தெரியும். அவற்றுள் சோயாஸ் என்னும் தசை கீழ்முதுகு முள்ளெலும்புகளிலிருந்தே புறப்பட்டுத் தொடையெலும்பில் இணைவதால், அது சுருங்கும்போதெல்லாம் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் அழுத்தப்படுகின்றன. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் செய்த ஆய்வு, ஒரு சிட்-அப்பில் இந்த அழுத்தம் ஏறத்தாழ 3,300 நியூட்டன் (சுமார் 335 கிலோ எடையின் பாரம்) எனக் கணித்தது. நாள்தோறும் நூறு முறை இதைச் செய்யுமாறு முதுகுவலிக்காரரிடம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மல்யுத்தம் போன்ற விளையாட்டுகளுக்கு அந்த மடங்கும் வலு தேவைப்படலாம்.

பிளாங்க்கில் முதுகெலும்பு அசைவதில்லை. முன்தசையும் பக்கத் தசைகளும், அரைக்கச்சை போல வயிற்றைச் சுற்றியிருக்கும் குறுக்குத் தசையும் ஒருசேர இறுகுகின்றன. ஆனால் இடுப்பு தொய்ந்துவிட்டால் பாரம் கீழ்முதுகுக்கே போய்விடும். எனவே நிமிடக்கணக்கில் தாக்குப்பிடிப்பதைவிட, பத்து நொடி வீதம் ஒழுங்காகப் பலமுறை செய்வது மேல். அமெரிக்கத் தரைப்படையும் தன் உடற்தகுதித் தேர்விலிருந்த 2 நிமிட சிட்-அப்பைக் கைவிட்டு, 2022 முதல் பிளாங்க்கையே வைத்திருக்கிறது.