ஹைதராபாத் ஐகியா: பிரியாணியும் எல் வடிவச் சாவியும்

ஒரே வணிகப்பெயரில் பொருள் விற்கும் சில்லறைக் கடைகளில் 100 சதவீத அந்நிய முதலீட்டை மத்திய அரசு 2012இல் அனுமதித்தபோது, 30 சதவீதக் கொள்முதல் உள்நாட்டிலேயே நடக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தது. அதே ஆண்டு விண்ணப்பித்த ஸ்வீடன் மரச்சாமான் நிறுவனமான ஐகியா, தன் முதல் இந்தியக் கடையை ஹைதராபாத் ஹைடெக் சிட்டியில் 2018 ஆகஸ்டில்தான் திறந்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் எதை மாற்றிக்கொண்டார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்று பார்க்கவே நான் அங்கே சென்றேன்.

மாற்றம் முதலில் தென்படுவது ஆயிரம் பேர் அமரக்கூடிய உணவகத்தில். ஐரோப்பியக் கடைகளில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் கலந்து செய்யும் உருண்டை இங்கே கோழியிறைச்சியிலும் காய்கறியிலும் கிடைக்கிறது. கூடவே பிரியாணியும் உண்டு. அந்த ஊரில் பிரியாணிக்காக மரச்சாமான் கடைக்குப் போக வேண்டியதில்லை என்றாலும், பிள்ளைகுட்டிகளோடு வந்தவர்கள் பசிக்குப் பயந்து பாதியில் திரும்பாமல் இருக்க அது உதவுகிறது. 200 ரூபாய்க்கும் குறைந்த விலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களைத் தொடக்கத்திலேயே வைத்ததும், சும்மா பார்க்க வந்தவரைக்கூடப் பில் போடும் இடத்துக்கு அழைத்துச் செல்லும் கணக்குதான்.

எனக்குச் சுவாரசியமாகப்பட்டது பில்லி என்ற புத்தக அலமாரி. அது தட்டையான அட்டைப்பெட்டிக்குள் பலகைகளாகக் கிடக்கிறது. 1956இல் காரில் ஏற்ற முடியாத மேசையின் கால்களைக் கழற்றியதிலிருந்து ஐகியா பிடித்துக்கொண்ட வழி இது. உள்ளே இருக்கும் செய்முறைத் தாளில் பூட்டும் படிகளுக்குச் சொற்கள் கிடையாது, படங்கள் மட்டுமே; ஆகவே அவற்றைத் தெலுங்கிலோ இந்தியிலோ பெயர்க்க வேண்டிய தேவையே எழவில்லை. நிறுவனத்தின் பல அலமாரிகளையும் மேசைகளையும் பூட்ட, உடன் வரும் சிறிய எல் வடிவச் சாவியே போதும். ஆனால் ஆசாரியை வீட்டுக்கே வரவழைத்துப் பழகிய நம்மவர்கள் அந்தச் சாவியைக் கையில் எடுப்பார்களா? எடுக்கமாட்டார்கள் என்று ஊகித்தே, பூட்டித் தரும் பணிக்கு, வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் அர்பன்கிளாப் (இப்போது அர்பன் கம்பெனி) நிறுவனத்தோடு கைகோத்தார்கள். பிரியாணியைவிட இந்த ஏற்பாட்டையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

கடையின் நடைபாதையை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. அலங்கரித்த அறை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து, கடைசியில் கிடங்கு அடுக்கிலிருந்து பெட்டியை நாமே இறக்கித் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும். முதியோரோடு செல்பவர்கள் இரண்டு மணி நேரமாவது ஒதுக்குவது நல்லது. பில்லி, மரத்துகளை அழுத்திச் செய்த பலகை. வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு அதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பேரப்பிள்ளைகள் வரை நிற்க வேண்டும் என்பவர்கள் தேக்கு வாங்கி ஆசாரியிடமே கொடுக்கலாம்.