புண் 'காய' வேணுமோ? யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கத்துக் கால் புண் கிளினிக், என்ர றிவியூ

முதலே சொல்லீடுறன், பேர் போடேல்லை. அங்க இருக்கிறதே ரெண்டு மிஸ்மார் (நேர்ஸ்மார்)தான், இப்பவே காலமை ஏழு மணிக்குப் போனாத்தான் நம்பர் கிடைக்குது, நான் பேரையும் போட்டு இன்னும் சனம் கூடினா அடுத்தமுறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வெயிலுக்க நிக்கப்போறது நான்தான். திருநெல்வேலிச் சந்தியில இருந்து உள்ளுக்குப் போற ஒழுங்கை ஒண்டு, கேட்டா ஆரும் காட்டுவினம். அஞ்சுக்கு நாலு நட்சத்திரம். குறைச்ச ஒண்டுக்குக் காரணம் கடைசியில சொல்லுறன்.

அம்மாவுக்கு 68 வயசு, சீனி வருத்தம் வந்து 19 வருசம். போன வருசம் நல்லூர்த் தேருக்கு வெறுங்காலோட போனவ, நாங்கள் வேண்டாமெண்டு சொன்னதை வழமைபோலக் கேக்கேல்லை. அந்த மணல் மத்தியானத்தில எப்பிடி இருக்கும் எண்டு போன ஆக்களுக்குத் தெரியும். வீட்ட வந்து கால் கழுவேக்கதான் பெருவிரலுக்குக் கீழ ரெண்டு ரூவாக் குத்தியளவில ஒரு கொப்பளம். நோகேல்லையோ அம்மா எண்டு கேட்டா, இல்லையே எண்டா. நாங்கள் அதை நல்ல செய்தி எண்டு நினைச்சம்.

கொப்பளம் உடைஞ்சு புண்ணாகி, வீட்டுக்குக் கிட்டவே ஒரு இடத்தில (அதின்ர பேரும் வேண்டாம்) ஒருநாள் விட்டு ஒருநாள் ட்றெசிங். அங்க முறை என்னெண்டா முதல்ல அந்த நுரை மருந்து, ஹைட்ரஜன் பெரொக்சைட், ஊத்தினவுடன பொங்கிக்கொண்டு வரும், அம்மாவுக்கு அதில பெரிய திருப்தி, நுரைச்சாத்தானே கிருமி சாகுது எண்டு. பேந்து ஸ்பிறிற். பேந்து காஞ்ச கோஸ் வைச்சுக் கட்டுறது. அடுத்தமுறை போகேக்க அந்தக் கோஸ் புண்ணோட ஒட்டிப்போய் இருக்கும், ஒரே இழுவை, வந்த புதுத் தசையும் அதோட வந்திடும், ரத்தம் கசியும், "ரத்தம் வந்தா நல்லம், உயிர் இருக்கு" எண்டுவினம். வீட்டில கட்டவிழ்த்து ஃபானுக்குக் கீழ காலை நீட்டி வைச்சிருங்கோ, நல்லாக் காயட்டும். இப்பிடியே நாலு மாசம். புண் சுருங்கிறமாதிரி இருக்கும், அடுத்த கிழமை பழையபடி.

எங்கட பாஷையிலயே பிரச்சினை இருக்கெண்டு நினைக்கிறன். ஆரைக் கண்டாலும் "அம்மாவின்ர புண் காஞ்சிட்டுதோ" எண்டுதானே கேக்கினம். மாறுறதும் காயுறதும் எங்களுக்கு ஒண்டுதான். ஆனா புண்ணைக் காயவிட்டா தோல் மூடப் பிந்தும் எண்டு 1962லயே லண்டனில ஜோர்ஜ் வின்டர் எண்டவர் காட்டிப்போட்டார். பண்டியின்ர முதுகில சின்னச் சின்னக் காயம் போட்டு, பாதியை மெல்லிசு பொலித்தீனால மூடி மிச்சத்தைத் திறந்து விட்டுப் பார்த்தால், மூடி ஈரப்பதமா இருந்தது, அயறு பிடிச்சுக் காஞ்சதை விட ரெண்டு மடங்கு கெதியில தோல் மூடியிருக்கு. அடுத்த வருசமே மனிசரிலயும் பார்த்திட்டினம். அந்த நுரை மருந்து கிருமியோட சேத்து புதுசா வாற கலங்களையும் கொல்லும் எண்டதும் பழைய கதைதான். 1962! அம்மா பள்ளிக்கூடம் தொடங்கின காலம். ஆராய்ச்சியில முடிவானது நோயாளியின்ர கட்டிலடிக்கு வர சராசரி 17 வருசம் எடுக்குது எண்டு 2000ல ஒரு கணக்கு எழுதியிருக்கினம், அதை வாசிச்சிட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, எங்கட ஒழுங்கைக்கு அறுவது கடந்தும் வரேல்லையே.

சரி, கிளினிக்குக்கு வாறன்.

முதல் நாள் போனவுடன கட்டைப் பிரிக்கவே இல்லை. சேலைனை ஊத்தி ஊறவிட்டு, அது தானாக் கழரும்வரைக்கும் மிஸ் அம்மாவோட கதைச்சுக்கொண்டு இருந்தவ, எந்த ஊர், எத்தினை பிள்ளையள், வீட்டுக்குள்ள செருப்புப் போடுறனீங்களோ எண்டு. கடைசிக் கேள்விக்கு அம்மா ஒரு மாதிரிப் பார்த்தவ, செருப்போட வீட்டுக்குள்ள ஆர் போவினம் எண்டமாதிரி.

பிறகு பேனைமாதிரி ஒரு சாமான், நுனியில ஒரு நைலோன் நூல். அது வளையிறவரைக்கும் அமத்தினா சரியா பத்துக் கிராம் பாரம்தானாம். "அம்மா கண்ணை மூடுங்கோ, தொடுறது தெரிஞ்சா ஓம் எண்டு சொல்லுங்கோ." பெருவிரலில தொட்டா, சத்தமில்லை. நடுவிரலுக்குக் கீழ, சத்தமில்லை. சின்ன விரல், சத்தமில்லை. நான் பக்கத்தில நிண்டு பார்த்துக்கொண்டு நிக்கிறன், நூல் வளையுது, அம்மா கண்ணை மூடிக்கொண்டு வடிவா இருக்கிறா. கொஞ்ச நேரத்தால கேட்டா, "என்ன பிள்ளை, இன்னும் தொடங்கேல்லையோ?"

எனக்கு அந்த இடத்திலதான் விளங்கினது. 19 வருசமா எத்தினை கிளினிக், எத்தினை றிப்போட், எத்தினை சீனி ரெஸ்ற், ஒருத்தரும் இந்த நூலால அம்மாவின்ர காலைத் தொட்டதில்லை. அந்த நூல் ஒண்டும் பெரிய விலைச் சாமானில்லை.

அடுத்தது டொக்டர் வந்து (செவ்வாயும் வெள்ளியும் மட்டும்) பாதத்துக்கு மேலயும் கணுக்காலுக்குப் பின்னாலயும் நாடி பிடிச்சுப் பார்த்து, எலும்புக்குள்ள போட்டுதோ எண்டு எக்ஸ்ரே எடுப்பிச்சு, புண்ணைச் சுத்தித் தடிச்சிருந்த தோலைப் பிளேடால சீவி எடுத்திட்டுச் சொன்னார், கிருமி இல்லை, ரத்த ஓட்டம் நல்லம், எண்டபடியா பிளாஸ்டர் போடலாம். நான் நினைச்சன் ஒட்டுற பிளாஸ்டர் எண்டு. இல்லை, கால் முறிஞ்சாப் போடுவினமே அது, முழங்காலுக்குக் கீழ முழுக்க. புண்ணுக்கு மேலயோ எண்டு கேட்டன். ஓம், மேலதான்.

விசயம் இதுதான்: நோ தெரியாத காலில புண் மாறாததுக்கு மருந்து காணாதது காரணமில்லை, ஒவ்வொரு அடி வைக்கேக்கையும் அதே இடத்தில பாரம் விழுறதுதான் காரணம், பிளாஸ்டர் அந்தப் பாரத்தை எடுத்திடும். இதைக் காட்டின ஆக்களில முக்கியமானவர் போல் பிராண்ட், 1914ல தமிழ்நாட்டுக் கொல்லிமலையில பிறந்த வெள்ளைக்காரர், வேலூரில குஷ்டரோகக் காரருக்கு வைத்தியம் செய்தவர். விரல் அழுகிப்போறது தசை கெட்டதால இல்லை, நோ தெரியாததால திரும்பத் திரும்ப அடிபடுறதாலதான் எண்டு அங்க கண்டவர். பேந்து அமெரிக்காவில அதே பிளாஸ்டர் முறை சீனி வருத்தக்காரருக்கும் போச்சுது. கொல்லிமலை எங்க, நாங்கள் எங்க, எவ்வளவு கிட்ட, அது அமெரிக்கா சுத்தி வந்திருக்கு பாருங்கோ.

2001ல ஒரு சோதனையில பாரம் எடுக்கிற மூண்டு விதத்தையும் வைச்சுப் பார்த்திருக்கினம். பிளாஸ்டர் போட்ட ஆக்களில 12 கிழமைக்குள்ள கிட்டத்தட்ட 90 வீதம் பேருக்கு மாறீட்டுது, கழட்டிப் போடக்கூடிய பூட்ஸ்காரருக்கு 65 வீதம், முன்பாதம் நிலத்தில படாத அரைச் செருப்புக்காரருக்கு 58. அந்தப் பூட்ஸும் பாரம் எடுக்கிறது நல்லாத்தான் எடுக்குது, ஆக்கள் கழட்டிப்போடுறதுதான் பிழை. பிறகு 2003ல காலிலயும் பூட்ஸிலயும் அடி எண்ணுற மெசின் பூட்டிப் பார்க்க, நடந்த நடையில 28 வீதத்துக்குத்தான் போட்டிருந்தவையாம். அமெரிக்காவிலயே 28 எண்டா, குசினிக்குள்ள செருப்புப் போனாலே பாவம் எண்டு நினைக்கிற எங்கட அம்மாமார்? அதால நான் பிளாஸ்டர் எண்டு முடிவெடுத்தன், கழட்டேலாது, சாமியறைக்குள்ளயும் அதோடதான்.

முதல் கிழமை வீட்டில சண்டைதான். பெரியம்மா வந்து "புண்ணை மூடி வைச்சா அழுகும், உவங்கள் காலைக் கழட்டப்போறாங்கள்" எண்டு அழுதவ. எனக்கும் உள்ளுக்குப் பயம்தான், பொய் சொல்லேலாது. மூண்டாம் நாள் கழட்டிப் பார்த்து திரும்பப் போட்டினம், வீக்கம் வத்த பிளாஸ்டர் லூசாகும் எண்டு, பிறகு கிழமைக்கு ஒருக்கா. ரெண்டாம் கிழமை கழட்டேக்க புண் பாதி. ஏழாம் கிழமை மூடீட்டுது. நாலு மாச நுரைக்கு ஏலாதது ஏழு கிழமையில.

மிஸ்ஸிட்ட ஒருநாள் கொஞ்சம் கோவமாவே கேட்டன், உதை ஏன் எல்லா இடமும் செய்யினமில்லை எண்டு. அவ சொன்னது நியாயம்தான்: "தம்பி, ஒருத்தருக்குப் போட முக்கால் மணித்தியாலம், பழகின கை வேணும், மடிப்பு ஒண்டு உள்ளுக்கு விழுந்தாலே புதுப் புண் வரும், கால் உணராதபடியா அம்மாவும் சொல்லமாட்டா. கிருமி இருந்தா, ரத்த ஓட்டம் இல்லாட்டி போடவே கூடாது. கறுத்துக் காஞ்ச விரலை நாங்களும் ஈரமாக்கிறேல்லை, காயத்தான் விடுறது." அதாவது கெதியா எண்டா கண்ணை மூடிக்கொண்டு எண்டு இல்லை. எனக்கு விளங்காதது மற்றது. பத்துக் கிராம் நூலுக்கும் சேலைன் ஊத்தி ஊறவிடுறதுக்கும் என்ன பழகின கை? அதுக்கு ஏன் இவ்வளவு காலம்?

இதில இன்னொரு பகிடி. முந்தின இடத்தில நூலும் இல்லை பிளாஸ்டரும் இல்லை, ஆனா வெள்ளி கலந்த ட்றெசிங் இருந்தது, ஒண்டு மூவாயிரத்துச் சொச்சம், புதுசு, வெளிநாட்டில எல்லாம் இதுதான் எண்டு ஆறு விக்கப்பட்டது, நானும் வாங்கினனான். சீனி வருத்தக் கால் புண் கெதியில மாறவேணும் எண்டதுக்காக உப்பிடிக் கிருமிகொல்லி ட்றெசிங் பாவிக்காதேங்கோ எண்டு சர்வதேச வழிகாட்டியிலயே இருக்கு, தேனுக்கும் அதே பதில்தான். நிரூபிக்காத சாமான் பெட்டியில அடைச்சு விக்கக்கூடியது எண்டா உடன வந்திடுது. நூலை விக்க ஏஜென்ட் வரமாட்டான். இங்க வைச்சது சாதாரண ட்றெசிங்தான், ஈரம் பிடிக்கிறமாதிரி, விலை நூறுகளில.

கெதியில வந்ததும் இருக்குத்தான். ஜீவனி பைக்கற் (வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடிக்கிறது) இல்லாத வீடு இருக்கோ? 1971ல வங்காளத்து அகதிமுகாமில கொலரா வந்து சேலைன் முடிய, டொக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைச்சு ட்றம்மில வைச்சு, சொந்தக்காரரையே பருக்கச் சொன்னவர், 30 வீதமளவில இருந்த சாவு நாலு வீதத்துக்கும் கீழ இறங்கினது. கோப்பையை அம்மாமாரின்ர கையில குடுத்ததுதான் அங்க வித்தியாசம் எண்டு நினைக்கிறன். இந்தக் கிளினிக்கிலயும் அதைக் கண்டனான்: கடைசி நாள் மருந்து ஒண்டும் தரேல்லை, ஒரு சின்னக் கண்ணாடி வாங்கி, ஒவ்வொரு பின்னேரமும் உள்ளங்காலைப் பாக்கச் சொல்லி, எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்துச் செய்து காட்டிவிட்டினம். மாறின புண்ணில 40 வீதம் ஒரு வருசத்துக்குள்ள திரும்ப வருமாம்.

இப்ப வீட்டுக்குள்ள போட தனிச் செருப்பு ஒண்டு, வாசல் தாண்டாது, அதுக்கு அம்மா சம்மதம். சாமியறைக்கு மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது, இப்போதைக்கு வாசலில கதிரை போட்டு இருந்து கும்பிடுறா. இந்த வருசம் தேர் கிட்ட வருது. "ஒரு நாளைக்குத்தானே" எண்டு நேற்றே தொடங்கீட்டா.

குறைச்ச ஒரு நட்சத்திரம்: கால் புண் கிளினிக்குக்கு வாசலில அஞ்சு படி, கைபிடி இல்லை! பிளாஸ்டர் காலோட அம்மாவை நானும் ஓட்டோக்காரரும் தூக்கித்தான் ஏத்தினது. ஃபோன் எடுக்கமாட்டினம். பில் கேட்டாத்தான் எழுதித் தருவினம். ட்றெசிங் கட்ட 1200, பிளாஸ்டர் ஒருமுறை 6500 எடுத்தவை, ஏழு கிழமைக்குக் கூட்டிப்பாருங்கோ, எல்லாருக்கும் ஏலாது. புதன் போகாதேங்கோ, பெரிய மிஸ் லீவு. ஓட்டோவைப் பின்பக்கக் கேட்டால விடச் சொல்லுங்கோ, அங்க ரெண்டு படிதான்.