14 வருடம் உழைத்த இபிஏபிஎக்ஸ், தீராத ஃப்ளாஷ் தொல்லை

போன மாதம் எங்கள் அலுவலக இபிஏபிஎக்ஸின், அதாவது வெளி லைன்களையும் மேசை போன்களையும் இணைக்கும் பெட்டியின், பவர் சப்ளை போய்விட்டது. சரிசெய்து மாட்டியதைக் கேள்விப்பட்ட நண்பர், "எங்க ஆபீஸ்லயும் இதே வயசுப் பெட்டிதான். ஒரு கார்டு போட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா, மொத்தமா மாத்திடலாமா?" என்று கேட்டார். அன்றைக்குப் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதி இது.

எங்களுடையது 4 வெளி லைன், 24 எக்ஸ்டென்ஷன் (உள்ளே இருக்கும் மேசை போன்) கொண்ட சாதாரண அனலாக் பெட்டி. 14 வருடமாக அதே சுவரில் தொங்குகிறது. இத்தனை காலத்தில் கெட்டது என்று பார்த்தால், ஒருமுறை இடி இடித்தபோது போன எக்ஸ்டென்ஷன் கார்டு ஒன்று, இப்போது பவர் சப்ளை. திறந்து பார்த்தபோது நான்கு கபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது, ஒன்றின் அடியில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டருக்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல வற்றும். இரவு பகல் அணைக்காமல் ஓடும் பெட்டியில் இது என்றாவது நடந்தே தீரும், அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். நான்கையும் மாற்றியதும் பழையபடி எழுந்து நின்றது.

இந்தப் பெட்டியிடம் எனக்கு மிகவும் பிடித்தது கரண்ட் போகும் நேரம். மேசையில் இருக்கும் போனுக்குத் தனியாக பிளக் கிடையாது. சுவரிலிருந்து வரும் அதே இரண்டு கம்பியில்தான் பேச்சும் போகிறது, போன் உயிரோடு இருக்கத் தேவையான மின்சாரமும் வருகிறது. பெட்டிக்குக் கீழே நான்கு 12 வோல்ட் பேட்டரி, சேர்த்து 48 வோல்ட். கம்ப்யூட்டர் திரைகளெல்லாம் அணைந்து அறையே அமைதியாக இருக்கும்போது போன் மட்டும் கணீரென்று மணியடிக்கும். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் மனசுக்கு ஒரு தெம்பு வரும்.

ஆனால் டிரான்ஸ்ஃபர், அதாவது வந்த அழைப்பை ஹோல்டில் காத்திருக்க வைத்து வேறு மேசைக்கு அனுப்புவது. இதைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

அனலாக் போன், பேசிக்கொண்டிருக்கும்போது "இந்தக் காலை ஹோல்டில் போடு" என்று பெட்டிக்குச் சொல்ல ஒரே வழிதான் உண்டு. கம்பியில் ஓடும் மின்சாரத்தை ஒரு நொடிக்கும் குறைவான நேரம் துண்டித்து மறுபடி சேர்க்க வேண்டும். அதற்குப் பெயர்தான் ஃப்ளாஷ். ரிசீவரைக் கீழே வைத்தாலும் இதே துண்டிப்புதான் நடக்கிறது, நேரம் மட்டும்தான் நீளம். எனவே பெட்டி மில்லி செகண்டை எண்ணித்தான் முடிவெடுக்கிறது. குறுகிய துண்டிப்பு என்றால் ஹோல்ட், நீண்டது என்றால் கட். எங்களிடம் வெவ்வேறு வருடங்களில் வாங்கிய போன்கள். ஒன்றின் ஃப்ளாஷ் பட்டன் 100 மில்லி செகண்ட் துண்டிக்கும், இன்னொன்று 600. வரவேற்பில் இருப்பவரின் போனில் பட்டனுக்கு அடியில் இருந்த ரப்பர் தேய்ந்துபோய், அவர் ரிசீவர் வைக்கும் கொக்கியையே விரலால் தட்டிப் பழகிவிட்டார். நகத்தால் ஒரு தட்டு, உடனே விரலை எடுக்க வேண்டும். அவசரத்தில் ஒரு கணம் அழுத்திப் பிடித்தால் வாடிக்கையாளர் போயே போய்விட்டார். "சார், மறுபடியும் கட் ஆயிடுச்சு" என்று அவர் சொல்லாத வாரமே கிடையாது.

டெக்னீஷியனைக் கூப்பிட்டு ஃப்ளாஷ் நேரத்தின் உச்ச வரம்பைக் கூட்டினோம். கட் ஆவது குறைந்தது. அப்புறம் அதற்கு நேர்மாறான தொல்லை ஆரம்பித்தது. பேசி முடித்ததும் கொக்கியைச் சட்டென்று தட்டிவிட்டு அடுத்த நம்பரை அழுத்தும் பழக்கம் பலருக்கு உண்டு. பெட்டி அதையும் ஃப்ளாஷ் என்று எடுத்துக்கொண்டு, முடிந்துபோன காலை ஹோல்டில் போட்டுவிடும். அவர் அடுத்த எக்ஸ்டென்ஷனை அழுத்தி, யாரும் எடுக்கவில்லை என்று ரிசீவரை வைத்தால், பழைய கால் அங்கே டிரான்ஸ்ஃபர் ஆகிவிடும். விடைபெற்றுக்கொண்ட வாடிக்கையாளர் இன்னும் வைக்காமல் இருந்தால், சம்பந்தமே இல்லாத மேசையில் போய் நிற்பார். வரம்பைக் குறைத்தால் அது, கூட்டினால் இது.

எல்லா போனையும் ஒரே மாடலாக மாற்றினால் பெருமளவு சரியாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் பத்து போன் மாற்றினோம், பட்டனை அழுத்துபவர்களுக்குப் பிரச்சினை விட்டது. கொக்கியைத் தட்டும் பழக்கம்தான் போகவில்லை.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். மேம்படுத்தலாம் என்று எங்களுக்குச் சொல்லப்பட்ட வழி, பழைய பெட்டியோடு ஒரு சிப் (SIP) கேட்வே, அதாவது இன்டர்நெட் அழைப்பைப் பழைய பெட்டிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவி, சேர்ப்பது. வெளி லைன்கள் இன்டர்நெட் வழியாக வரும், உள்ளே கம்பியும் போனும் அப்படியே இருக்கும். செலவு குறைவு, லைன் எண்ணிக்கையும் கூடும். ஆனால் மேசைக்கும் பெட்டிக்கும் நடுவில் அதே இரண்டு கம்பி, அதே ஃப்ளாஷ். என் தலைவலி இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். கூடவே எதிரொலியும் வரலாம். அனலாக் லைனில் நம் குரலின் ஒரு சிறு பங்கு எப்போதுமே திரும்பி வரும். உடனே வந்துவிடுவதால் காதுக்குத் தெரியாது. நடுவில் இன்டர்நெட்டின் தாமதம் சேர்ந்தால் அதுவே தனியாகக் கேட்கத் தொடங்கும். கேட்வேயில் எதிரொலி நீக்கும் வசதி இருக்கும், அது நன்றாக வேலை செய்கிறதா என்று பேசிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

குரலைக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் டேட்டாவாக அனுப்பும் ஐபி போன் மூன்றை ஒரு மாதம் வைத்துப் பார்த்தோம். இதில் டிரான்ஸ்ஃபர் என்பது பட்டனை அழுத்தினால் டேட்டாவாகப் போகும் ஒரு செய்தி. மில்லி செகண்ட் கணக்கெல்லாம் இல்லை. வரவேற்பில் இருப்பவர் முதல் இரண்டு நாள் பட்டனை அழுத்திவிட்டு, கட் ஆகிவிட்டதோ என்று ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள் அந்தப் பயம் போய்விட்டது. அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதி. ஒலியிலும் வித்தியாசம் தெரிந்தது. பழைய லைன் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் எடுத்துப் போகும். குரலை டிஜிட்டலாக்கும் ஜி.722 என்ற முறையில் பேசும்போது 7000 வரை வருகிறது, 'ச'வும் 'ஸ'வும் குழம்புவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. மதியம் சர்வர் பேக்கப் ஓடும்போது குரல் துண்டு துண்டாக வந்தது. போன்களைத் தனி விலானில் (அதே நெட்வொர்க்கில் தனியாகப் பிரித்த பகுதியில்) போட்டு, ஸ்விட்ச்சில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்த பிறகு நின்றது. கரண்ட் போனதும் மூன்று போனும் ஒரே நொடியில் செத்தன, அது என்னை நிஜமாகவே வருத்தியது. போனுக்கு மின்சாரம் தரும் பிஓஇ ஸ்விட்ச், ரவுட்டர், ஃபைபர் மோடம் மூன்றையும் யூபிஎஸ்ஸில் போட்டால்தான் பழைய பெட்டி தந்த தெம்பு திரும்ப வரும். ஃபேக்ஸுக்கும் லிஃப்ட்டின் அவசர போனுக்கும் தனி ஏற்பாடு வேண்டும். லிஃப்ட் போனை மாற்றுவதற்கு முன்னால் லிஃப்ட் பராமரிப்பவர்களிடம் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டிக் கழித்தால், ரிப்பேர் முடிந்து நன்றாக ஓடும் பெட்டியை இன்னும் சில வருடம் வைத்துக்கொள் என்றுதான் கணக்கு வரும். டிரான்ஸ்ஃபர் அதிகம் இல்லாத அலுவலகம் என்றால் நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் போன வாரம் ஒரு வாடிக்கையாளரின் கால் டிரான்ஸ்ஃபரில் இரண்டு தடவை கட் ஆனது. "மூணாவது தடவை அவங்க பண்ணவே இல்ல சார்" என்று வரவேற்பிலிருந்து வந்து சொன்னார். அன்று சாயங்காலமே மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

புதியது வந்து மாட்டியதும் வரவேற்பு மேசையிலிருந்து வரிசையாக 20 டிரான்ஸ்ஃபர் செய்து பார்க்கப் போகிறோம், அதில் பாதி யூபிஎஸ்ஸுக்கு வரும் மெயின் கரண்ட்டை அணைத்துவிட்டு. ஒன்று கட் ஆனாலும் டெலிவரி ரசீதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று விற்பவரிடம் இப்போதே சொல்லியாகிவிட்டது.