வீட்டு பாலிசியில் நாணயச் சேகரிப்பு அடங்காது: ஏஜெண்ட் வாய்ப்பேச்சை நம்பி நான் இழந்தது

பழைய காசு, பழைய நோட்டு என்று எதையாவது வீட்டில் சேர்த்து வைத்திருப்பவர்கள் இன்றைக்கே உங்கள் வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். முதல் பக்கம் வேண்டாம். எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று பின்னால் ஒரு பட்டியல் இருக்கும். அதில் கட்டித்தங்கம், பதிக்காத ரத்தினம், கையெழுத்துப் பிரதி, எல்லாவகை ஆவணம் ஆகியவற்றோடு 'நாணயங்கள், காகிதப் பணம்' என்றும் இருக்கும். பாலிசியில் வெளிப்படையாக எழுதிச் சேர்த்திருந்தால் ஒழிய இவற்றுக்கு ஒரு ரூபாய்கூட வராது. இந்த வரியை நான் முதன்முதலாகப் படித்தது, என் கிளைமை நிராகரித்து வந்த கடிதத்தில்.

எனக்குத் தூத்துக்குடி. 31 வருஷம் சேர்த்த காசுகள். ஆரம்பம் ஓர் ஓட்டைக் காலணா. 1943 முதல் 1947 வரை நடுவில் துளையோடு அடித்தார்களே, அது. கைக்குழந்தையாக இருந்தபோது என் அரைஞாண் கயிற்றில் ஆச்சி கோத்துக் கட்டியதாம். பிறகு ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக் காசுகள், விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய்கள், டச்சுக் கம்பெனிக் காசுகள் என்று சேர்ந்துகொண்டே போனது. டச்சுக்காரன் 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து எங்கள் ஊரைப் பிடித்தவன். அவன் கம்பெனியின் சுருக்கெழுத்து வி.ஓ.சி. அந்தக் காசைப் பார்க்கிற பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் "இது நம்ம வ.உ.சி. காசா மாமா?" என்று கேட்பார்கள். உட்கார வைத்து இரண்டு கதையும் சொல்வேன். எனக்கு இந்தச் சேகரிப்பு தந்த சந்தோஷத்தில் பாதி அதுதான்.

2022இல் வீட்டுக்கு பாலிசி எடுத்தேன். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் முதல் எல்லாக் கம்பெனிகளும் விற்க வேண்டும் என்று கொண்டுவந்த 'பாரத் கிருஹ ரக்ஷா'தான். பாலிசி நல்ல பாலிசி, அதில் எனக்குக் குறை இல்லை. கட்டடத்தைக் காப்பீடு செய்தாலே, அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை வீட்டுச் சாமான்களுக்கும் தானாகச் சேர்ந்துவிடும். என் கட்டடத்துக்கு 40 லட்சம் போட்டோம்; சாமான்களுக்கு 8 லட்சம் வந்தது.

ஏஜெண்ட் எங்கள் தெருவுக்குத் தெரிந்தவர். ஆல்பங்களை அவர் முன்னால் விரித்துக் காட்டினேன். "இதுக்காகத்தான் அண்ணாச்சி பாலிசியே எடுக்கேன், மத்தது போனா வாங்கிக்கிடலாம்" என்று சொன்னேன். அவர் சொன்ன பதில் அப்படியே ஞாபகம் இருக்கிறது. "காசுன்னு எழுதுனா கம்பெனில நூறு கேள்வி கேப்பாங்க சார். வீட்டுச் சாமான்னு போட்ருவோம். 8 லட்சம் இருக்குல்லா, அதுக்குள்ள எல்லாம் அடங்கிரும்." விண்ணப்பப் படிவத்தை அவரே நிரப்பினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அவருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் 'காசு' என்ற சொல்லை எழுத வேண்டாம் என்றார். எழுதியிருந்தால் கம்பெனி கேள்வி கேட்டிருக்கும்; அந்தக் கேள்வியிலேயே எனக்கும் உண்மை தெரிந்திருக்கும். தன் கமிஷன் தள்ளிப்போய்விடக் கூடாது என்று என்னைக் கண்ணைக் கட்டி விட்டுவிட்டார். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

2023 டிசம்பர் 17, 18 எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நான்கு நாள் நின்றது. ஆல்பங்கள் மர அலமாரியின் கீழ்த்தட்டில். பாரமாக இருக்கிறதே என்று கீழே வைத்தது நான்தான்.

தண்ணீர் வடிந்து அலமாரியைத் திறந்தபோது ஆல்பத் தாள்கள் ஊறிய அப்பளம் மாதிரி ஒட்டிக் கிடந்தன. காசு உலோகம்தானே, நனைந்தால் என்ன என்று கேட்பார்கள். மலிவான பிளாஸ்டிக் உறைக்குள் உப்பும் சாக்கடையும் கலந்த தண்ணீரோடு நான்கு நாள் கிடந்தால் செம்பில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். களிம்பு மேலே படிவதோடு நிற்காது, எழுத்தைத் தின்னும். ஒரு சோழக் காசை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நிற்கும் உருவத்தின் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. பச்சை மாவாக விரலோடு வந்துவிட்டது.

நான் கம்பெனிக்குப் போன் செய்ய அலைந்துகொண்டிருந்த நேரத்தில், உதவிக்கு வந்த மதினி பதினோரு வெள்ளி ரூபாயைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கழுவி வைத்துவிட்டார்கள். அவர்கள் பிரியத்தில் செய்தது. அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் தேய்த்த காசின் விலை சேகரிப்பாளர்களிடம் பாதியாகிவிடும். எட்டாம் நாள் கம்பெனி சார்பில் சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிட்டு, ஒரு டச்சுக் காசைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். மதினி கழுவிய காசுகளைக் காட்டி, "இதெல்லாம் கழுவுனா சரியாயிருதே சார்?" என்றார். அந்தக் கேள்வி அப்படியே அவர் அறிக்கையிலும் ஏறியது. தண்ணீர் பட்ட பொருளைச் சர்வேயர் பார்க்கும்வரை யாரையும் தொடவிடாதீர்கள். எடுத்துக் காயவைத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் கிடந்த இடத்திலேயே போட்டோ, வீடியோ எடுத்துவிடுங்கள்.

சாமான்களுக்கு 1,12,000 ரூபாய் வந்தது. காசுகளுக்கு நான் போட்டிருந்த மதிப்பு 6,40,000. வந்தது மூன்று வரிக் கடிதம்: நாணயங்கள் விலக்கப்பட்டவை, பாலிசி அட்டவணையில் தனியாகக் குறிப்பிடப்படவில்லை, ஆகவே ஏற்க இயலாது.

ஏஜெண்டிடம் போய்க் கேட்டேன். "நான் அப்படிச் சொல்லலியே சார், நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க" என்றார். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். அதே மூன்று வரி திரும்பி வந்தது. அடுத்து இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகள் மேல் வரும் புகார்களை விசாரித்துத் தீர்ப்பு சொல்லும் அதிகாரி. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். கம்பெனி கைவிரித்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். என் தரப்பைப் பொறுமையாகக் கேட்டார்கள், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் ஏஜெண்ட் சொன்னதற்கு என்னிடம் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. கையெழுத்துப் போட்ட படிவம் அவர்களிடம் இருந்தது. தீர்ப்பு கம்பெனிக்குச் சாதகமாகப் போனது. அன்றைக்கு ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்பில் "என் நாணயச் சேகரிப்பு இதில் அடங்குமா?" என்று ஒரே ஒரு வரி கேட்டு, பதிலை வாங்கி வைத்திருந்தால்கூட வழக்கு வேறு மாதிரி நின்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து பாலிசியை வரிவரியாகப் படித்தேன். இதே பாலிசியில் விலைமதிப்புள்ள பொருட்களுக்கு என்று ஒரு கூடுதல் பிரிவு இருக்கிறது. நகை, வெள்ளிப் பாத்திரம், ஓவியம், கலைப்பொருள், அரும்பொருள் இவற்றை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்குப் பட்டியல் போட்டுச் சேர்க்கலாம். மொத்தம் 5 லட்சத்துக்குள், தனிப்பொருள் எதுவும் 1 லட்சத்தைத் தாண்டாமல் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ்கூடக் கேட்க மாட்டார்கள். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று ஏஜெண்ட் என்னிடம் சொல்லவே இல்லை. ஆனால் நாணயம் விலக்குப் பட்டியலில் பெயர் சொல்லி நிற்பதால், 'அரும்பொருள்' என்று பொதுவாக எழுதிக்கொடுத்தால் போதாது. 'நாணயங்கள்' என்ற சொல்லே அட்டவணையில் வர வேண்டும்.

திருட்டு விஷயத்திலும் ஏமாந்துவிடாதீர்கள். அடிப்படை பாலிசியில் திருட்டு என்றால் வெள்ளம், தீ மாதிரி ஏதாவது நடந்து, அதன் விளைவாக ஏழு நாளுக்குள் போனது மட்டும்தான். சாதாரண நாளில் வீடு புகுந்து எடுத்துப் போனால் அதற்குத் தனிக் காப்பு வேண்டும். அதிலும் பூட்டையோ ஜன்னலையோ உடைத்த தடயம் கேட்பது வழக்கம்.

பேங்க் லாக்கரில் வைத்துவிடு என்று பலரும் சொன்னார்கள். அங்கேயும் கேட்டுப் பார்த்தேன். தீ, கொள்ளை, ஊழியர் மோசடி என்றால் வங்கியின் பொறுப்பு வருஷ வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான். 3,000 ரூபாய் வாடகை என்றால் 3 லட்சம். வெள்ளம் மாதிரி இயற்கைச் சீற்றம் என்றால் அதுவும் கிடையாது. உள்ளே இருப்பதை வங்கி காப்பீடும் செய்யாது.

மிஞ்சிய காசுகளை இப்போது ஒவ்வொன்றாக இருபுறமும் படம் எடுத்து, எடை போட்டு, வாங்கிய ரசீது இருப்பதற்கு ரசீதும் சேர்த்து ஒரு பட்டியல் ஆக்கியிருக்கிறேன். அதன் நகல் மதுரையில் தம்பி வீட்டில் இருக்கிறது. ஆல்பங்கள் மாடிக்குப் போய்விட்டன. புது பாலிசிக்கு மூன்று கம்பெனி ஏறி இறங்கினேன். இரண்டு இடத்தில் நாணயம் என்றதும் முடியாது என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். அந்த நேர்மைக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாவது கம்பெனி நான்கு மாதம் இழுத்தது. போன மாதம் வந்த பாலிசியின் அட்டவணையில், "நாணயங்கள், 212 உருப்படிகள், புகைப்படப் பட்டியல் இணைப்பில், ஒப்புக்கொண்ட மதிப்பு ரூ. 3,10,000" என்று ஒரு வரி இருக்கிறது.