டப்பா மஞ்சள் பால் பொடி: பிரிக்பீல்ட்ஸில் விற்பதை வாங்கலாமா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தன் சாலைப் பக்கம் மளிகைக் கடைகளில், கல்லாவுக்கு அருகிலேயே மஞ்சள் பால் பொடி அடுக்கியிருக்கிறது. மேலே ‘நோய் எதிர்ப்புச் சக்திக்கு’ என்று கொட்டை எழுத்து. ருசி நன்றாகவே இருக்கிறது, ஏலக்காய் மணம் தூக்கலாக வருகிறது. பிள்ளைகள் மிச்சம் வைக்காமல் குடிப்பார்கள்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் எடை கூடியதை முன்னால் எழுத வேண்டும் என்பது மலேசியச் சட்டம். இதில் முதலில் ‘குலா’, அதாவது சீனி. பிறகு கிரீமர், அதாவது பாலுக்குப் பதிலாகச் சேர்க்கும் பொடி. மூன்றாவதாகத்தான் மஞ்சள், 4 சதவிகிதம். 25 கிராம் பாக்கெட்டில் 1 கிராம். மஞ்சளுக்கு நிறம் தரும் முக்கியப் பொருளான குர்குமின், தூளில் சுமார் 3 சதவிகிதம் என்பதால், ஒரு கோப்பையில் 30 மில்லிகிராம்தான் தேறும்.

அதையும் உடம்பு லேசில் ஏற்காது. குடலும் கல்லீரலும் குர்குமினை உடனே மாற்றி வெளியேற்றிவிடும். மிளகுக்குக் காரம் தரும் பைப்பரின் என்ற பொருள் அதைத் தாமதப்படுத்துகிறது. 1998இல் வந்த பெங்களூர் ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது உடம்பில் சேர்ந்த அளவு சுமார் 20 மடங்கு கூடியது. அரை கிராம் மிளகிலேயே அவ்வளவு பைப்பரின் கிடைக்கும். இந்த டப்பாவில் மிளகே இல்லை! பெரிய குறை இதுதான்.

இன்னொன்று. ஆய்வுக்கூடத்தில் குர்குமின் செல்களின் அழற்சியை அடக்குகிறது. எதிர்ப்புச் சக்தியை ‘ஏற்றும்’ என்பது வேறு பேச்சு. எதிர்ப்பு அணுக்கள் உருவாகப் புரதமும் துத்தநாகமும் வைட்டமின் ஏ, சி, டியும் வேண்டும். அவை குறைந்தால்தான் உடம்பு தளரும். பருப்பு, முட்டை, முருங்கைக்கீரை, ஒரு கொய்யா என்று காசைச் செலவழிப்பது மேல்.

மஞ்சள் பால்தான் வேண்டுமென்றால் வீட்டிலேயே போடுங்கள். அரை டீஸ்பூன் மஞ்சள் தூளை முதலில் இரண்டு கரண்டி ஆறிய பாலில் குழைக்க வேண்டும். நேரே சூடான பாலில் கொட்டினால் கட்டி தட்டும். 200 மில்லி கொழுப்பு நீக்காத பாலில் அதைக் கலந்து, சிறு தீயில் 4 நிமிடம் கிண்டிக்கொண்டே இருங்கள், தீ கூடினால் அடிப்பிடிக்கும். கால் டீஸ்பூன் மிளகை அப்போதே இடித்துப் போடுங்கள். இடித்து வைத்த தூளில் மணம் போய்விடும். வெறும் வெந்நீரில் குர்குமின் கரையாது, பாலின் கொழுப்பு தேவை. வடிகட்டாதீர்கள், மஞ்சள் அடியில்தான் தங்கும்; கலக்கிக் குடியுங்கள்.

கடையில் பக்கத்து அலமாரித் தட்டிலுள்ள குர்குமின்-பைப்பரின் மாத்திரை வேறு விஷயம். அதன் அளவு சமையலைவிடப் பல மடங்கு. கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோ வலிப்பு மருந்தோ சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.